உப்புத் தண்ணீர் ஊரில் ஹாட் டப்: தளம் போடுவது முதல் தண்ணீர் மாற்றுவது வரை

ஹாட் டப் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது கரன்ட் பில்லைப் பற்றித்தான். பனி கொட்டும் நாடுகளில் அது நியாயமான கவலை. நம் பக்கம் கணக்கே வேறு. 1200 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 15 யூனிட் போதும். 3 கிலோவாட் ஹீட்டர் அதை ஐந்தாறு மணி நேரத்தில் முடித்துவிடும். சித்திரை வைகாசியில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடும். புதுச்சேரியிலும் கடலூரிலும் ஹாட் டப் வைத்திருப்பவரைப் படுத்துவது சூடு அல்ல, தண்ணீர்தான். கடலோர போர்வெல்லின் உப்பு, சுண்ணாம்பு, இரும்பு எல்லாம் அதில் இருக்கும். போதாததற்கு வெயிலும் தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெயும் சேரும். எனவே இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றித்தான் இருக்கும்.

முதலில் அடிப்படை. ஹாட் டப் என்பது நாலைந்து பேர் உட்காரக்கூடிய தொட்டி. அதன் பக்கவாட்டுப் பெட்டிக்குள் ஒரு மோட்டார், ஒரு ஹீட்டர், ஒரு கன்ட்ரோல் போர்டு இருக்கும். மோட்டார் தண்ணீரை ஃபில்டர் வழியாக உறிஞ்சி, ஹீட்டருக்குள் செலுத்தி, சுவரில் உள்ள ஜெட் துளைகள் வழியாகத் திரும்பவும் தொட்டிக்குள் பீய்ச்சும். குளியல் முடிந்ததும் தண்ணீரைத் திறந்துவிடும் பாத்டப் போல இது இல்லை. ஒரே தண்ணீர் இரண்டு மூன்று மாதம் உள்ளேயே சுற்றும். செய்ய வேண்டிய பராமரிப்பெல்லாம் இந்த ஒரு காரணத்தால்தான்.

காற்றடைக்கும் வகை 700 முதல் 900 லிட்டர் பிடிக்கும், 16 ஆம்ப் பிளக்கில் ஓடும், விலை குறைவு. ஆனால் அதன் அடித்துணி நம் வெயிலுக்கும் எலிக்கும் ரொம்ப நாள் தாங்காது. அக்ரிலிக் தொட்டி 1000 முதல் 1500 லிட்டர் வரை பிடிக்கும், பல வருடம் உழைக்கும். கீழே வரும் அளவுகளெல்லாம் 1200 லிட்டர் அக்ரிலிக் தொட்டிக்கானவை. உங்கள் தொட்டியின் கொள்ளளவுக்கு ஏற்ப விகிதத்தில் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

வாங்கும்போது மோட்டாரின் பெயர்ப்பலகையைப் படித்துப் பாருங்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த 60 ஹெர்ட்ஸ் மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். ஜெட் சவசவ என்று வரும். விற்றவர் ஃபில்டர் மேல் பழியைப் போடுவார்.

எங்கே வைப்பது

மொட்டை மாடிதான் எல்லோருக்கும் ஆசை. கணக்கைப் பாருங்கள். காலித் தொட்டி 350 கிலோ, தண்ணீர் 1200 கிலோ, நாலு பேர் 260 கிலோ. மொத்தம் 1800 கிலோவுக்கு மேல். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் தொட்டி என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 450 கிலோ. இந்தியத் தரக் குறியீடு ஐஎஸ் 875இன்படி வீட்டு அறைத் தளத்துக்குக் கணக்கில் எடுக்கும் சுமை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ, ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு 150 கிலோ. இடைவெளி சின்னதல்ல. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பீமையும் தூணையும் பார்த்து எழுத்தில் சொல்லாதவரை மாடிப் பேச்சே வேண்டாம். “மேலே தண்ணித் தொட்டி நிக்கலையா சார்?” என்று மேஸ்திரி கேட்பார். அந்தத் தொட்டி நிற்பது தூண்களின் தலையில். ஹாட் டப் உட்காரப்போவது தளத்தின் நடுவயிற்றில்.

தரையில் வைப்பதே நல்லது. லாஸ்பேட்டை, ஆரோவில் பக்கத்துச் செம்மண் மேட்டில் 4 அங்குலக் கான்கிரீட் தளம் போதும். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் போன்ற மணல் பகுதியில் 6 அங்குலம் போட்டுவிடுங்கள். அடியில் அரை அடி கிராவல் கொட்டித் திமிசு போட்டு இறுக்க வேண்டும். தொட்டியை விட ஒவ்வொரு பக்கமும் 20 சென்டிமீட்டர் கூடுதலாக, 2.4 மீட்டர் சதுரத் தளம். 8 மில்லி கம்பியை 20 சென்டிமீட்டர் இடைவெளியில் இரு திசையிலும் கட்டி, எம்20 தரக் கான்கிரீட் கலவை போட்டால், 4 அங்குலத்துக்குச் சுமார் 5 மூட்டை சிமென்ட் பிடிக்கும். உப்புப் போர்வெல் தண்ணீரில் கலவை போட விடாதீர்கள். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது ஐஎஸ் 456. மீறினால் சில வருடத்தில் கம்பி துருப்பிடித்து உப்பி, தளம் வெடிக்கும். ஏழு நாளாவது தண்ணீர் கட்டி வையுங்கள். 28 நாள் கழித்துத் தொட்டியை இறக்கினால் இன்னும் நிம்மதி. தளம் நல்ல மட்டமாக இருக்க வேண்டும். நாலு மூலையிலும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மழைத் தண்ணீர் ஓடுவதற்கான வாட்டத்தை தளத்துக்கு வெளியே கொடுத்தால் போதும்.

உயரம் மிக முக்கியம். மோட்டாரும் போர்டும் தளத்திலிருந்து சில அங்குலம் மேலேதான் இருக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதற்கடுத்த நாட்களில் தென்பெண்ணை கடலூரை மூழ்கடித்தது. உங்கள் தெருவில் அப்போது தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள்; சுவரில் கறை இன்னும் இருக்கும். அதற்கு ஒரு அடி மேலே தளத்தின் தலை வர வேண்டும்.

கொண்டுவரும் வழியையும் அளந்துவிடுங்கள். தொட்டியைப் பக்கவாட்டில் நிமிர்த்தித்தான் தள்ளுவார்கள். ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான அகலமும், வண்டியோடு சேர்த்து 2.3 மீட்டர் உயரமும் தடையில்லாமல் வேண்டும். சன்ஷேடும் கேபிள் டிவி ஒயரும்தான் வழக்கமான எதிரிகள். வைத்த பிறகு மோட்டார் இருக்கும் பக்கம் ஆள் உட்கார்ந்து வேலை செய்ய முக்கால் மீட்டர் இடம் விடுங்கள். மேலே கூரை, குறைந்தது பச்சை ஷேட் நெட்டாவது வேண்டும். அதன் காரணம் பின்னால் வரும்.

மின்சாரம்

ஹீட்டர் 3 கிலோவாட், பெரிய மோட்டார் 2 கிலோவாட் என்றால் 22 ஆம்ப் இழுக்கும். மெயின் போர்டிலிருந்து தனியாக 6 சதுர மில்லி செம்புக் கேபிள், 32 ஆம்ப் எம்சிபி (சுமை கூடினால் விழும் ஸ்விட்ச்), அதோடு 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் உடனே விழும் ஸ்விட்ச்). இந்த 30 என்ற எண்ணில் சமரசம் கிடையாது. பல வீடுகளில் மெயினில் இருக்கும் 100 அல்லது 300 மில்லிஆம்ப் ஆர்சிசிபி தீ விபத்தைத் தடுக்க உதவும், தண்ணீருக்குள் இருக்கும் மனிதரைக் காப்பாற்றாது. ஸ்விட்சும் பிளக்கும் தொட்டியிலிருந்து கை எட்டாத தூரத்தில், குறைந்தது இரண்டு மீட்டருக்கு அப்பால், ஆனால் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். எர்த் குழியை மணலில் தோண்டியிருந்தால் கோடையில் அது காய்ந்து எர்த் பலவீனமாகிவிடும். மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அன்றைக்குத் தொட்டியில் இறங்கவே கூடாது. கூடுதல் சுமையைப் புதுச்சேரியில் மின்துறையிலும் கடலூரில் மின்வாரியத்திலும் எழுதிக் கொடுத்து ஏற்றிக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் லைனில் இதைச் சேர்க்க வேண்டாம்.

மாலை நேரத்தில் வோல்டேஜ் 190க்கு இறங்கினால் 3 கிலோவாட் ஹீட்டர் 2 கிலோவாட்டுக்குப் பக்கமாகத்தான் வேலை செய்யும். “திடீர்னு சூடே ஏறலை” என்ற புகாரில் பாதி இதுதான். ஹீட்டருக்கு இதனால் கெடுதல் இல்லை. மோட்டார்தான் கூடுதல் கரன்ட் இழுத்துச் சூடேறும்.

எந்தத் தண்ணீர்

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கையில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்தப் பொருள்) மீட்டரை வைத்துக்கொண்டு “900 காட்டுது, கடினத் தண்ணி” என்பார்கள். டிடிஎஸ் வேறு, கடினத்தன்மை வேறு. சோடியம் குளோரைடு, அதாவது சாதா உப்பு, எவ்வளவு கரைந்திருந்தாலும் டிடிஎஸ் ஏறும், ஆனால் படிவம் வராது. கால்சியம்தான் படிவம் கட்டும். கீசர் காயிலில் வெள்ளையாக ஒட்டுகிறதே, அதேதான். சூடான பரப்பில்தான் அது முதலில் இறங்கும் என்பதால் ஹாட் டப்பில் அடி வாங்குவது ஹீட்டர் காயில். கடலோரத்தில் இரண்டும் சேர்ந்தே வரும்: படிவம் ஒரு பக்கம், உப்பு அரிப்பு இன்னொரு பக்கம்.

நமக்கு வேண்டிய கால்சியம் கடினத்தன்மை 150 முதல் 250 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்). வீட்டு போர்வெல் 600 காட்டினால் என்ன செய்வது? சாஃப்ட்னர் போட்டால் கால்சியம் போய் அந்த இடத்தில் சோடியம் வரும். படிவம் நிற்கும், உப்பு அப்படியே இருக்கும். கலப்பதுதான் எளிய வழி. 600 பிபிஎம் போர்வெல் தண்ணீர் 400 லிட்டரும் 50 பிபிஎம் ஆர்ஓ தண்ணீர் 800 லிட்டரும் சேர்த்தால் 233 வரும். 800 லிட்டர் என்பது 40 கேன். கேன் கேனாகத் தூக்குவதை விட, கேன் போடுகிறவரிடமே சின்ன டேங்கர் வண்டியில் அனுப்பச் சொல்லலாம். சமையலறை ஆர்ஓவில் பிடிக்க நினைக்காதீர்கள், நாள் கணக்கில் ஆகும். மொத்தத்தையும் ஆர்ஓ தண்ணீராக நிரப்புவதும் தப்பு. கால்சியம் அறவே இல்லாத தண்ணீர் நுரைக்கும், உலோகத்தை அரிக்கும்.

இரும்பைக் கண்டுபிடிக்க ஒரு வாளி போதும். 10 லிட்டர் தண்ணீர் பிடியுங்கள். பளிங்கு போலத் தெரியும். அதில் கால் டீஸ்பூன் குளோரின் தூள் போட்டுக் கலக்கி இரவு முழுக்க மூடி வையுங்கள். காலையில் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியிருந்தாலோ, அடியில் செம்பழுப்பாக மெல்லிய வண்டல் படிந்திருந்தாலோ இரும்பு இருக்கிறது. கரைந்திருந்த இரும்பு குளோரின் பட்டதும் துருவாக மாறிப் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். இதே மாற்றம் தொட்டிக்குள் நடந்தால் வெள்ளை அக்ரிலிக் முழுக்கக் கறை. அந்தத் தண்ணீரை இரும்பு ஃபில்டர் வழியாக விட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

முதல் நிரப்பல்

புதுத் தொட்டி சுத்தமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். தொழிற்சாலையில் தண்ணீர் விட்டுச் சோதித்துத்தான் அனுப்புவார்கள். வளைந்து நெளிந்து போகும் குழாய்களில் மிச்சம் நின்ற தண்ணீர் மாதக்கணக்கில் கன்டெய்னரில் வெந்து, உள்சுவரில் வழவழப்பான கிருமிப் படலம் கட்டியிருக்கும். ஆகவே முதல் தண்ணீர் கழுவுவதற்கு மட்டும். ஃபில்டரைக் கழற்றி வையுங்கள், தொட்டியை நிரப்புங்கள், ஹீட்டர் சூட்டைக் குறைந்த அளவில் வையுங்கள். குழாய் கழுவும் மருந்து கிடைத்தால் டப்பாவில் சொன்ன அளவு. கிடைக்காவிட்டால் 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (திரவக் குளோரின்) கால் லிட்டர் ஊற்றினால் ஏறக்குறைய 20 பிபிஎம் வரும். எல்லா ஜெட்டையும் திறந்து ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். மேலே அழுக்கு நுரையோ பழுப்புத் துணுக்கோ மிதந்தால் துணியால் எடுத்துவிட்டு மொத்தத்தையும் வடித்துவிடுங்கள்.

இரண்டாவது முறை நிரப்பும்போது ஓஸ் குழாயை ஃபில்டர் குழிக்குள் விடுங்கள். அப்போதுதான் குழாய்க்குள் இருக்கும் காற்றைத் தண்ணீர் முன்னே தள்ளிக்கொண்டு போகும். தொட்டியின் நடுவில் விட்டால் காற்று மோட்டாரில் சிக்கி ஏர்லாக் ஆகிவிடும்: மோட்டார் உறுமும், ஜெட்டில் ஒன்றும் வராது. அப்படி ஆனால் மெயினை அணைத்து, மோட்டாரைக் குழாயோடு இணைக்கும் யூனியன் நட்டைக் கால் திருப்பு தளர்த்துங்கள். ‘உஸ்’ என்று காற்று போய்த் தண்ணீர் கசிய ஆரம்பித்ததும் இறுக்கிவிடலாம். தண்ணீர் ஃபில்டர் வாயைத் தாண்டி, குறித்த கோட்டுக்கு வரும்வரை கரன்ட் போடக்கூடாது. உலர்ந்த ஹீட்டர் கருகுவதற்குச் சில நொடி போதும்.

வேதிக் கணக்கு

மூன்று எண்களை நினைவில் வைத்தால் போதும். காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம், பிஎச் (புளிப்பா காரமா என்று காட்டும் அளவு) 7.2 முதல் 7.8, தனிக் குளோரின் (அழுக்கோடு சேராமல் மிச்சம் இருப்பது) 3 முதல் 5 பிபிஎம். அளக்க டெஸ்ட் ஸ்ட்ரிப் போதும், ஆனால் நம் ஈரக் காற்றில் திறந்த டப்பா சீக்கிரம் வீணாகும். சொட்டுவிட்டு அளக்கும் கிட் சற்று விலை அதிகம் என்றாலும் நம்பகமானது.

வரிசை மாறக்கூடாது: முதலில் காரத்தன்மை, அடுத்து பிஎச், கடைசியில் குளோரின். காரத்தன்மை வண்டியின் ஷாக் அப்சார்பர் மாதிரி. அது சரியாக இருந்தால்தான் பிஎச் அங்குமிங்கும் துள்ளாது. குறைவாக இருந்தால் கடையில் விற்கும் ஆப்ப சோடாவே மருந்து. 20 கிராம் போட்டால் 10 பிபிஎம் ஏறும். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் போடாதீர்கள்.

நம் ஊரில் தலைவலி பெரும்பாலும் எதிர்ப்பக்கம்தான். போர்வெல் தண்ணீரில் காரத்தன்மை 250, 300 சாதாரணம். ஜெட் ஓடும்போது கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறி பிஎச் தானாகவே ஏறிக்கொண்டே போகும். காரத்தன்மை எவ்வளவு அதிகமோ, ஏற்றம் அவ்வளவு வேகம். இன்று 7.4க்குக் கொண்டுவந்தால் நாளை மறுநாள் 8.2. அந்த அளவில் குளோரின் மந்தமாகிவிடும். சுண்ணாம்பும் இறங்கத் தொடங்கும். அமிலத் தூள், அதாவது சோடியம் பைசல்ஃபேட், 29 கிராம் போட்டால் காரத்தன்மை 10 பிபிஎம் இறங்கும். 260இலிருந்து 80க்கு வர அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். ஒரே மூச்சில் கொட்டிவிடாதீர்கள். 100 கிராமைப் பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றி, அரை மணி மோட்டாரை ஓட்டி, அளந்து பாருங்கள். பிஎச் 7க்குக் கீழே போகிறது என்றால் நிறுத்திவிட்டுக் காற்று ஜெட்டைத் திறந்து விடுங்கள். காற்று பிஎச்சை மட்டும் மேலே தூக்கும், காரத்தன்மையைத் தொடாது. மறுபடி 100 கிராம். இரண்டு நாள் பிடிக்கும் வேலை, ஆனால் ஒவ்வொரு நிரப்பலுக்கும் ஒருமுறைதான். கக்கூஸ் கழுவும் ஆசிட்டைக் குறுக்குவழியாக ஊற்றாதீர்கள். அதில் இரும்பும் வேறு அசுத்தமும் கலந்திருக்கும்.

குளோரினில் எதை வாங்குவது? நீச்சல் குளக் கடையில் முதலில் நீட்டுவது 90 சதவீத டிசிசிஏ மாத்திரை. அது ஹாட் டப்புக்கு ஆகாது. ரொம்பப் புளிப்பு, மெதுவாகக் கரைந்து கிடந்த இடத்தில் அக்ரிலிக்கை வெளுத்துவிடும், ஹீட்டரை அரிக்கும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், அதில் பெரும்பகுதி சுண்ணாம்பு. தொடங்குபவருக்கு ஏற்றது டைக்ளோர் தூள், சுமார் 56 சதவீதம். 6 முதல் 7 கிராம் போட்டால் 1200 லிட்டரில் 3 பிபிஎம் ஏறும். முதல் நாள் 20 கிராம் போட்டு 10 பிபிஎம்முக்குக் கொண்டுபோய், 5க்கு இறங்கிய பிறகு குளிக்கலாம்.

டைக்ளோரில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு 1 பிபிஎம் குளோரினோடும் 0.9 பிபிஎம் சயனூரிக் அமிலம் தண்ணீரில் சேரும். குளோரின் செலவாகிவிடும், குளோரினைக் கட்டிப்போடும் இந்த அமிலம் போகாது. தினம் 3 பிபிஎம் போட்டால் ஒரு மாதத்தில் 80ஐத் தொடும். அப்போது ஸ்ட்ரிப்பில் குளோரின் 4 என்று காட்டும், கிருமியோ சாகாது. ஆகவே முதல் பத்துப் பன்னிரண்டு நாள் டைக்ளோர், பிறகு திரவ சோடியம் ஹைப்போகுளோரைட் என்று மாறுங்கள். 10 சதவீதம் என்றால் 36 மில்லி, 5 சதவீதம் என்றால் 72 மில்லி, 3 பிபிஎம் தரும். வெயிலில் இந்தத் திரவம் கேனுக்குள்ளேயே வீரியம் இழந்துவிடும். 35 லிட்டர் கேன் மலிவு என்று வாங்காமல், சின்னக் கேனாக வாங்கி நிழலில் வையுங்கள்.

எவ்வளவு அடிக்கடி? ஒருவர் ஒரு மணி நேரம் இருந்தால் வியர்வையும் அழுக்கும் சுமார் 9 கிராம் குளோரினைத் தின்றுவிடும். அது 16 கிராம் டைக்ளோர், அல்லது 10 சதவீதத் திரவம் 90 மில்லி. இரண்டு பேர் அரை மணி இருந்தாலும் அதே கணக்கு. எழுந்த உடனே போட்டுவிட்டு, மூடியைக் கால் மணி நேரம் திறந்துவைத்து மோட்டாரை ஓட்டுங்கள். மறுநாள் அளந்தால் 3க்குக் கீழே போயிருக்கக்கூடாது. குளோரின் நாற்றம் மூக்கைத் துளைத்தால் குளோரின் அதிகம் என்று பலர் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. அழுக்கோடு கட்டுண்ட குளோரின்தான் அப்படி நாறும். இன்னும் குளோரின் போட்டு எரித்தால்தான் போகும். வாரம் ஒருமுறை 10 பிபிஎம்முக்கு ஏற்றுங்கள்.

ஓசோன், யுவி வசதி இருப்பதால் குளோரினே வேண்டாம் என்று விற்பவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். அவை குளோரின் செலவைக் குறைக்கும், அவ்வளவுதான். புரோமின் வேண்டுமானால் மாற்றாகும். 4 முதல் 8 பிபிஎம் வைக்க வேண்டும், சூட்டில் நன்றாக நிற்கும், நாற்றம் குறைவு. விலைதான் கூடுதல், வெயிலும் அதற்கு ஆகாது.

அமிலத்தையும் குளோரினையும் ஒரே கப்பில், ஒரே வாளியில் புழங்கவே கூடாது. விஷ வாயு வரும். இருவேறு குளோரின் தூள்கள் கலந்தால் தீப்பிடிக்கவோ வெடிக்கவோ கூடும். எதையும் தண்ணீரில் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்றால், 25 முதல் 45 டிகிரி வரை உள்ள தண்ணீர் கிருமிகளுக்குச் சொர்க்கம். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா குளித்த ஓரிரு நாளில் உடம்பில், குறிப்பாக ஈரத்துணி ஒட்டியிருந்த இடத்தில், சிவந்த அரிக்கும் கொப்புளங்களைக் கொண்டுவரும். லெஜியோனெல்லா நீராவித் துளியோடு மூச்சில் போய் நிமோனியா தரும். அணைத்து வைத்த தொட்டியும் நம் ஊரில் 28, 30 டிகிரியில்தான் நிற்கும். அணைத்தால் பாதுகாப்பு என்ற நினைப்பு குளிர் நாட்டுக்காரர்களுக்கு ஓரளவு பொருந்தலாம், நமக்கு இல்லை.

அன்றாடப் பராமரிப்பு

இறங்குவதற்கு முன் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் மருந்துச் செலவில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தும். தலைக்கு எண்ணெய் வைத்தவர், மஞ்சள் பூசியவர், சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தவர் எல்லாம் அன்றைக்குத் தலையை நனைக்காமல் கொண்டை போட்டு உட்காரலாம், அல்லது மறுநாள் வரலாம். எண்ணெய் தண்ணீர்க் கோட்டில் கறுப்பு வளையமாக ஒட்டும், ஃபில்டரின் மடிப்புகளை அடைத்துவிடும். நுரைக்குக் காரணம் பெரும்பாலும் துணியில் தங்கிய சர்ஃப் தூள்தான். குளிக்கும் உடையை வெறும் தண்ணீரில் இன்னொரு தடவை அலசுங்கள். நுரை ஒழிப்பான் ஊற்றினால் ஒரு மணி நேரம் அடங்கி, மறுபடி பொங்கும்.

ஃபில்டரை வாரம் ஒருமுறை கழற்றி, ஓஸ் குழாயால் மடிப்பு மடிப்பாக மேலிருந்து கீழே கழுவுங்கள். பிரஷர் வாஷர் அதன் இழையைக் கிழித்துவிடும், சோப்புத் தூள் நுரையில் கொண்டுபோய் விடும். மாதம் ஒருமுறை ஃபில்டர் கழுவும் மருந்தில் இரவு முழுக்க ஊறவையுங்கள். இரண்டு ஃபில்டர் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டால் ஒன்று காயும் நேரத்தில் இன்னொன்று ஓடும். ஒரு வருடம், அதிகபட்சம் ஒன்றரை வருடம்தான் அதன் ஆயுள். திரையில் ‘எஃப்எல்ஓ’ என்று வந்தால் தண்ணீர் ஓட்டம் குறைவு என்று பொருள். மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். எழுத்து மறைந்தால் குற்றவாளி கையிலேயே இருக்கிறார்.

ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால் முதல் சந்தேகம் ஹீட்டர் காயில். படிவம் கட்டிச் சூடேறி உறை வெடித்துக் கசியும். எலக்ட்ரீஷியன் ஹீட்டர் ஒயரை மட்டும் பிரித்துவிட்டு ஓட்டினால் தெரிந்துவிடும். அடுத்த சந்தேகம் பல்லி. கதகதப்பான போர்டுப் பெட்டிக்குள் புகுந்து இரண்டு முனைகளுக்கு நடுவில் கருகிக் கிடக்கும். பெட்டியின் காற்றுத் துளைகளில் நெருக்கமான எஃகு வலை அடியுங்கள், எலிக்கும் அதுவே தடை. கடற்காற்றில் 304 ரக எஃகு ஸ்க்ரூகூடப் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். மாற்றும்போது 316 கேளுங்கள்.

சூடு 40 டிகிரியைத் தாண்டக்கூடாது. 37, 38 நமக்குத் தாராளம். ஒரு தடவைக்குக் கால் மணி, மிஞ்சினால் இருபது நிமிடம். கர்ப்பிணிகளும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் இறங்க வேண்டாம். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வரலாம். குடித்துவிட்டு இறங்கவே கூடாது.

வெயில், மழை, புயல்

அக்னி நட்சத்திரத்தில் ஒரு விசித்திரம் நடக்கும். ஹீட்டரை அணைத்திருந்தாலும் தண்ணீர் 39, 40 என்று ஏறிக்கொண்டே போகும். தொட்டியைச் சுற்றி சூடு வெளியேறாதபடி நுரை அடைத்திருக்கிறது, ஓடும் மோட்டாரின் சூடு தண்ணீருக்குள் போகிறது, மேலே வெயில். ரிப்பேர் என்று பயப்பட வேண்டாம். ஃபில்டர் ஓடும் நேரத்தைக் குறைத்து விடியற்காலைக்கு மாற்றுங்கள், இரவில் மூடியைப் பாதி திறந்து வையுங்கள். கூரை இருந்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். மூடியின் ரெக்சினும் வெடிக்காது, குளோரினும் வெயிலில் சிதையாது. ஆவியாகிப் போன தண்ணீருக்குப் பதில் போர்வெல் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் கடினத்தன்மை வாராவாரம் ஏறும். ஈடுகட்ட ஊற்றுவது ஆர்ஓ தண்ணீராக இருக்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூடி ஊறிக் கனத்துவிட்டால், உள்ளே இருக்கும் தெர்மாகோல் தண்ணீர் குடித்துவிட்டது. அதைக் காயவைத்துச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஊருக்குப் போகிறோம் என்று குளோரின் இல்லாமல் திறந்து போட்டுவிட்டால் ஏழெட்டு நாளில் டெங்கு கொசு பறக்கும். கொசு ஆராய்ச்சிக்கென்றே ஐசிஎம்ஆர் நிறுவனம் இயங்கும் புதுச்சேரியில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

புயல் எச்சரிக்கை வந்தால் தண்ணீரை வடிக்காதீர்கள். நிறைந்த தொட்டி ஒன்றரை டன், நகராது. காலித் தொட்டியைக் காற்றும் வெள்ளமும் தூக்கிவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காற்றின் பலம் தெரியும். மெயின் ஸ்விட்சை அணையுங்கள், மூடியின் மேல் இரண்டு லாரி பெல்ட்டைக் குறுக்காக இழுத்துக் கட்டுங்கள். பெட்டிக்குள் வெள்ளம் புகுந்திருந்தால், மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும், எலக்ட்ரீஷியன் திறந்து பார்க்கும்வரை கரன்ட் போடாதீர்கள்.

தண்ணீர் மாற்றுவது

எப்போது என்பதற்கு எளிய கணக்கு: லிட்டரை 12ஆல் வகுத்து, தினம் இறங்குபவர்களின் எண்ணிக்கையால் மறுபடி வகுக்க வேண்டும். 1200 லிட்டர், தினம் இரண்டு பேர் என்றால் 50 நாள். வார இறுதியில் மட்டும் என்றால் மூன்று மாதம் வரை போகலாம், அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

வடிப்பதற்கு முதல் நாளே குழாய் கழுவும் மருந்தைப் போட்டு ஓட்டிவிடுங்கள். மருந்து போட்ட அந்தத் தண்ணீர் சாக்கடைக்கு. மருந்து போடாத நிரப்பல் என்றால், இரண்டு மூன்று நாள் மூடியைத் திறந்து வெயில் காட்டி, ஸ்ட்ரிப்பில் குளோரின் பூஜ்யம் வந்த பிறகு தென்னைக்கு விடலாம். தென்னை கொஞ்சம் உப்பைத் தாங்கும். வாழை, ரோஜா, கருவேப்பிலைக்கு வேண்டாம். கிணற்றுப் பக்கமோ மீன் வளர்க்கும் குட்டைப் பக்கமோ போகவே கூடாது. காலியானதும் மென்மையான துணியால் துடைத்து, ஹீட்டர் பக்கத்து யூனியனைத் திறந்து காயிலில் வெள்ளைப் படிவம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முட்டை ஓடு கனத்துக்குப் படிந்திருந்தால் போன நிரப்பலின் கடினத்தன்மைக் கணக்கு தப்பு. இந்தத் தடவை ஆர்ஓ பங்கைக் கூட்டுங்கள். மீண்டும் நிரப்புவதை அன்றைக்கே செய்துவிடுங்கள். வெயிலில் காலியாகக் கிடக்கும் அக்ரிலிக் ஒரே மதியத்தில்கூட உப்பிக் கொப்புளிக்கலாம். அதற்கு வாரன்ட்டியும் பெரும்பாலும் கிடைக்காது.